குப்பைக்குப் போன டேப்



பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒற்றை அணு அடுக்குதான் கிராஃபீன். 1947-லேயே வாலஸ் என்பவர் அதற்குக் கணக்குப் போட்டு வைத்தார். தனியே எடுத்து அளந்து பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் விளையாட்டாகச் சோதனை செய்வார்கள். கிராஃபைட்டைச் சுத்தம் செய்துவிட்டுக் குப்பையில் எறியும் ஒட்டு டேப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒட்டியிருந்ததை மேலும் மேலும் உரித்தார்கள். 2004-ல் கட்டுரை, 2010-ல் நோபல் பரிசு!

மின்சாரம் கடத்தும், தோலோடு சேர்ந்து வளையும். 2022-ல் டெக்சாஸில், மணிக்கட்டில் ஒட்டிய கிராஃபீன் படலம் இரத்த அழுத்தத்தையே அளந்தது.

பென்சிலை வைத்து விளையாடியதற்காக உங்களில் சிலரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். என் தவறுதான். உங்கள் பிள்ளைகளையாவது விளையாட விடுங்கள்.