வழக்கினால் எஞ்சிய படம்: ‘மார்த்தாண்டவர்மா’ (1933)

அழிந்த நூல்களைப் பற்றி ஆராய்தல் தமிழறிஞர்க்குப் புதிதன்று. குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. எனினும் அதன் பாடல்கள் சிலவற்றையேனும் நாம் இன்று அறிகின்றோமெனின், அதற்குப் புறத்திரட்டு ஒரு காரணம். அக்காப்பியத்தை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை மற்றொரு காரணம். மறுத்தவர் ஏட்டிலேயே மறுக்கப்பட்டது வாழ்ந்தது. இதனையொத்த நிகழ்ச்சியொன்று இருபதாம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தில் நடந்தது. ஆங்குக் காக்கப்பட்டது ஏடன்று, படச்சுருள்.

சி. வி. இராமன் பிள்ளை (1858–1922) இயற்றிய ‘மார்த்தாண்டவர்மா’ மலையாள மொழியின் முதல் வரலாற்று நாவல். 1891இல் சென்னையில் அச்சேறியது. 1729இல் அரியணையேறிய மன்னர் மார்த்தாண்டவர்மர், அதற்குமுன் பட்ட இடர்களே அதன் பொருள். மருமக்கள் தாய முறைப்படி அரசு அவருக்கு உரியது; முந்தைய மன்னரின் மக்களாகிய தம்பிமாரோ எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் துணையுடன் அதனைக் கவர முயன்றனர். கதை நிகழும் இடங்களுள் பத்மநாபபுரம் முதலியன 1956 முதல் தமிழகத்தின் குமரி மாவட்டத்தைச் சார்ந்தவை. ஆதலின் இந்நாவலை அண்டை மொழியின் நூலென்று மட்டும் கருதி நாம் ஒதுக்குதற்கில்லை.

இதனைப் படமாக்கியவர் ஆர். சுந்தரராசு. ‘விகதகுமாரன்’ என்னும் முதல் மலையாளப் படத்தை எடுத்த அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியலின் உறவினர் இவர். இயக்கியவர் பி. வி. ராவ். ‘ஆலம் ஆரா’வும் ‘காளிதாஸ்’உம் 1931லேயே பேசத் தொடங்கிவிட்டன, இப்படமோ 1933இல் பேசாமலே வந்தது. மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ 1938இல்தான் வெளிவந்தது என்பதை நினைவிற் கொண்டால், இக்காலத்தாழ்ச்சி வியப்பன்று.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்ட அப்படம் நெடுநாள் ஓடவில்லை. நாவலின் உரிமையைப் பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையத்தார் தம் இசைவின்றிப் படம் எடுக்கப்பட்டதென்று வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டது, படச்சுருள் பதிப்பகத்தாரிடம் சென்றது, தயாரிப்பாளர்க்குப் பெரும் பொருளிழப்பு நேர்ந்தது. இலக்கியப் பதிப்புரிமை குறித்து இந்தியத் திரைப்பட உலகில் எழுந்த தொடக்கக்கால வழக்குகளுள் இது ஒன்று.

மன்னர் வரலாறு எவர்க்கும் தனியுடைமை அன்றே எனச் சிலர் வினவக்கூடும். வினா ஓரளவு நேரியதே. ஆயினும் சுபத்திரையும் பாறுக்குட்டியும் வரலாற்றேட்டில் உள்ளவர் அல்லர். இராமன் பிள்ளையின் கற்பனையிற் பிறந்தவர். அவர்களைத் திரையில் நடமாட விட்டபின், நாம் எடுத்தாண்டது வரலாறேயன்றி நாவலன்று என வாதிடுதல் அரிது. மேலும் படத்தின் இடையெழுத்துகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தவை; அவற்றுட் சில நாவலின் தொடர்களே. உரிமையுடையார் கேட்டதில் தவறு காண்பதற்கில்லை என்பதே எம் கருத்து.

ஆனால் அந்த நியாயம் விளைத்த பயன் எவரும் எண்ணாதது. இந்தியாவில் எடுக்கப்பட்ட பேசாப்படங்கள் ஏறத்தாழ 1,300. இன்று எஞ்சியிருப்பவை, துண்டுகளையும் சேர்த்து, மிகச் சிலவே. அக்காலத்துச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே சிதையும். ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்தன. ஓடி முடிந்தவை வெள்ளிக்காக உருக்கப்பட்டன. நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை; ‘விகதகுமாரன்’ இல்லை. ஓடவிடாமல் தடுக்கப்பட்ட ‘மார்த்தாண்டவர்மா’ பதிப்பகத்தாரின் கிடங்கிற் கிடந்தது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்கு அது வந்து சேர்ந்தது. அதனைப் பெற்றுக் காத்த பி. கே. நாயர் திருவனந்தபுரத்தில் 1933ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் என்பது இனிய தற்செயல்.

கிடைத்த படம் நாவலுக்கு எத்துணை அணுக்கமானது? இராமன் பிள்ளையின் தனிச்சிறப்பு பேச்சுநடை. தென் திருவிதாங்கூரின் தமிழ் விரவிய வழக்கு, அரண்மனை மொழி, முரடரின் பேச்சு என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு நாவை அவர் தந்தார். பேசாப்படம் அந்நாவுகள் அனைத்தையும் ஒருங்கே கட்டிவிட்டது. எஞ்சியது கதையோட்டமும் வாட்போருமே. இவ்விழப்பைப் படைப்பாளரின் குறையென்று கூறேம். கருவியின் குறை அது.

பெற்றதும் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கதைக்கு நடுவே, சித்திரைத் திருநாள் மன்னர் செல்லும் ஆறாட்டு ஊர்வலத்தின் மெய்ப்படம் சேர்க்கப்பட்டுள்ளது. காலவழு என்று இதனைக் கடிபவர் உளர். வரலாற்று மாணவர்க்கோ படத்துள் மிக உண்மையான பகுதி இதுவே. நடித்துக் காட்டிய அரசருக்கிடையே நடியாத அரசர் ஒருவர் நடந்து செல்கிறார்.

இடையெழுத்துகளை 1891ஆம் ஆண்டுப் பதிப்போடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, எவை நாவலின் தொடர், எவை படத்தார் புனைவு என வகைப்படுத்துதல் மாணவரொருவர் மேற்கொள்ளத்தக்க பணி. மலையாளமும் தமிழும் அறிந்த குமரி மாவட்டத்தார் ஒருவர்க்கு அது எளிதாகும்.