டெப்கான்ஃப்

டெப்கான்ஃப் என்பது டெபியன் இயங்குதளத்திலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு, பாஸ் லினக்ஸ் முதலியவற்றிலும் மென்பொருள் பொதிகளை நிறுவும்போது எழும் வினாக்களைக் கையாளும் அமைப்பு ஆகும். பெர்ல் மொழியில் அமைந்த இதனை ஜோயி ஹெஸ் 1999 இல் உருவாக்கினார். சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸ், தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பள்ளி மாணவர்களிடம் சென்றது.

செயற்பாடு

முன்னர் ஒவ்வொரு பொதியின் நிறுவல் நிரலும் பயனரிடம் நேரடியாக வினவி, விசைப்பலகையிலிருந்து விடை வரும்வரை காத்திருந்தது. ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் இருப்பின் நாற்பதின் முன்பும் ஒருவர் அமர வேண்டும். டெப்கான்ஃப் வினாவையும் விடையையும் நிரலிலிருந்து பிரித்துத் தனித் தரவுதளத்தில் வைக்கிறது. எனவே விடைகளை முன்கூட்டியே பதிந்துவைக்க இயலும்.

ஆளில்லா நிறுவல்

சூழல் மாறி ஒன்றின் மூலம் டெப்கான்ஃபின் முகப்பை 'நான்இன்டராக்டிவ்' என அமைத்தால் வினாக்கள் திரையில் தோன்றா. இதனால் வினா நீங்கிவிடுவதில்லை. முன்பதிவு இல்லாதவிடத்து இயல்பிருப்பு விடையே ஏற்கப்படுகிறது. நேர வலயம் பற்றிய வினா இவ்வாறு கடந்துவிட்டால் புதிய கணினி உலகப் பொது நேரத்தைக் கொள்ளும். கடிகாரம் இந்திய நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கி நிற்கும். மைக்ரோசாப்ட் எழுத்துருப் பொதியில் உரிம ஒப்புதல் வினாவின் இயல்பிருப்பு விடை மறுப்பே ஆதலால் எழுத்துருக்கள் வந்து சேர்வதில்லை. நிறுவலுக்கு முன் 'டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்' கட்டளையால் ஒப்புதலைப் பதிவதே முறை.

'ஆப்ட்-கெட்' கட்டளையின் 'ஒய்' தெரிவு ஆப்ட் கேட்கும் உறுதிப்பாட்டிற்கு மட்டுமே 'ஆம்' என்கிறது. பயனர் திருத்திய அமைப்புக் கோப்பினை மாற்றலாமா என்ற வினாவோ டிபிகேஜியிலிருந்து வருவது. டெப்கான்ஃபின் முகப்பு அமைப்பு அதனைக் கட்டுப்படுத்தாது. அதற்குப் பழைய கோப்பினையே வைத்துக்கொள்ளுமாறு டிபிகேஜிக்குத் தனித் தெரிவு தரவேண்டும். இதனை மறந்து இரவில் ஓடவிட்ட நிறுவல் காலைவரை அவ்வொரு வினாவிலேயே நின்றிருப்பது பலரும் கண்டதாகும்.

தமிழில்

டெபியன் நிறுவியின் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு. எனினும் வினாக்கள் தமிழில் தோன்றினாலும் முன்பதிவுக் கோப்பில் பெரும்பாலான விடைகளை ஆங்கில வடிவிலேயே எழுத வேண்டும். வட்டுப் பிரிவினை பற்றிய சில வினாக்கள் இதற்கு விலக்கு. அவற்றிற்கு மொழிபெயர்த்த விடையே தேவைப்படும்.