ஏன் நர்சிங்?

சித்தி பெண்ணுக்கு அடுத்த வாரம் நர்சிங் இன்டர்வியூ. "ஏன் நர்சிங்னு கேட்டா என்னண்ணா சொல்றது?" என்றாள். பி.காம். படிக்கிற எனக்கு என்ன தெரியும்? தேடிப் படித்ததைச் சொன்னேன்.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ சிக்கல். ஐடா அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்காவில் படித்து 1899ல் டாக்டர் ஆனார், வேலூருக்கு வந்தார். ஆனால் டாக்டர் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி நடக்காதே! 1909ல் அங்கே நர்சிங் பள்ளி வந்தது. நடத்தியவர் டீலியா ஹூட்டன். 1946ல் அது பட்டப்படிப்பு ஆனது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் டிகிரிக்கு அதுதான் ஆரம்பம்.

திண்டிவனமும் எங்கள் கருவேப்பிலங்குறிச்சியும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்த மூவரும் எங்கள் ஊர்ப் பெண்களாகவும் இருந்திருக்கலாம்.

"இதை மனப்பாடம் பண்ணிக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம். உன் கதையைச் சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "ஆயா கால் புண்ணுக்கு ஆறு மாசம் நான்தானேண்ணா கட்டு மாத்தினேன்?"

இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு?