அடையாற்றங்கரையில் ஒரு நாள்: ஆர்க்காட்டு நவாபுகளும் அண்டை அரசுகளும்

மயிலாப்பூரிலிருந்து தெற்கு நோக்கித் திரு.வி.க. பாலத்தைக் கடப்போர் இடப்புறம் திரும்பினால், அடையாறு கடலைச் சேருமுன் அகன்று உப்பங்கழியாகத் தேங்கி நிற்பதைக் காண்பர். வடகரையில் உள்ளது குவிபிள் தீவு. இன்று கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தால் அறியப்படும் அப்பகுதியில், 1746 நவம்பர் 4-ஆம் நாள் (அன்றைய ஆங்கிலேயர் நாட்காட்டிப்படி அக்டோபர் 24, ஹிஜ்ரி 1159 ஷவ்வால்) ஆர்க்காட்டு நவாபின் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. சில மணி நேரத்தில் போர் முடிந்தது. தென்னிந்திய அரசியலின் துலாக்கோல் அன்று சாயத் தொடங்கியது. ஆயினும் இந்நாட்டில் ஐரோப்பியர் ஆதிக்கம் எங்கே தொடங்கிற்று என்று மாணவர்களைக் கேட்டால் பிளாசி என்பர். பிளாசிக்குப் பதினோராண்டுகள் முந்திய அடையாற்றைச் சொல்பவர் அரிது.

நவாப் அன்வருத்தீன் கானின் மூத்த மகன் மஹ்ஃபூஸ் கானிடம் ஏறத்தாழ 10,000 பேர் இருந்தனர். புதுச்சேரியிலிருந்து பாராதி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் நடத்தி வந்த படை ஆயிரத்தை எட்டவில்லை. ஆற்றைக் காத்து நின்ற பீரங்கிகளைப் பொருட்படுத்தாது அவர்கள் நீரில் இறங்கிக் கரையேறினர். வரிசை கலையாமல் சுட்டனர். துப்பாக்கி முனை ஈட்டியுடன் பாய்ந்தனர். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடிற்று. பயிற்சி பெற்ற காலாட்படை குதிரைப் படையை வென்றது என்று ஐரோப்பிய ஆசிரியர்கள் இதனை விளக்குவர். அது பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. பாராதியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அக்காலப் புதுச்சேரிச் சிப்பாய்ப் படையின் தலைவர்களாக அப்துர் ரஹ்மான், ஷைகு ஹஸன் போன்றோரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காண்கிறோம். ஆயுதம் அயலாருடையது; அதனை ஏந்திய கை நம்முடையது. அக்கை ஏன் அங்குச் சென்று சேர்ந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை காண, அதே மயிலாப்பூரில் எழுபது, எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியப் பறங்கியர் இங்குக் குடியேறிச் சாந்தோம் நகரைக் கட்டினர். 1639-இல் விஜயநகர அரசின் ஆளுநரான தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இடம் பெற்று ஆங்கிலேயர் சற்று வடக்கே கோட்டை எழுப்பினர். அதன்பின் இக்கரை கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி சுல்தான்களிடம் சென்றது. 1662-இல் அவர்கள் சாந்தோமைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். 1672-இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஏ கடல்வழி வந்து அதனைப் பிடித்தார். கோல்கொண்டா தரையில் முற்றுகையிட்டது. கடலில் பிரெஞ்சுக்காரரின் பகைவரான டச்சுக்காரர் உதவினர். 1674 செப்டம்பரில் நகரம் சரணடைந்தது. பின்னர் அதன் மதில்களும் இடிக்கப்பட்டன.

இந்த வெற்றியின் மறுபுறத்தை நம் நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சாந்தோமில் பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்குள் கிடந்த நாட்களிலேயே அவர்களுக்குப் புதுச்சேரியில் இடமளித்தவர் ஷேர் கான் லோதி. அவர் பீஜப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்தை ஆண்டவர். கோல்கொண்டா துரத்திய விருந்தாளியைப் பீஜப்பூரின் ஆளுநர் வீட்டுக்குள் அழைத்தார்! இரண்டும் முஸ்லிம் அரசுகள். இரண்டும் தக்காணத்தின் அண்டை வீடுகள். ஷேர் கானுக்குச் செஞ்சியை ஆண்ட ஆளுநருடன் பகை இருந்தது. அவரும் பீஜப்பூரின் ஊழியரே. ஐரோப்பியரின் பீரங்கியும் பணமும் அப்பகைக்குப் பயன்படும் என்று அவர் எண்ணியிருக்கலாம். 1677-இல் சிவாஜி தெற்கே வந்தபோது ஷேர் கான் தோற்று ஆட்சியிழந்தார். 1687-க்குள் பீஜப்பூரும் இல்லை, கோல்கொண்டாவும் இல்லை. இரண்டையும் ஔரங்கசீப் விழுங்கிவிட்டார். புதுச்சேரி மட்டும் எஞ்சியது. அடையாற்றைக் கடந்த படை அங்கிருந்துதான் வந்தது.

மொகலாயரின் தளபதிகள் ஆர்க்காட்டை மையமாகக் கொண்டு ஆளத் தொடங்கினர். (கர்நாடகம் என்னும் சொல் அன்று இத்தமிழ்க் கரையைக் குறித்தது, இன்றைய மாநிலத்தை அன்று.) அவர்கள் கண்ணில் ஐரோப்பியர் வாடகைதாரர், அதிகம் போனால் பணக்கார வாடகைதாரர். 1702-இல் தாவூத் கான் சென்னைக் கோட்டையைச் சில மாதங்கள் முற்றுகையிட்டார். பணம் பெற்றுக்கொண்டு முற்றுகையை நீக்கினார். உறவு அவ்வளவுதான். 1710 முதல் நவாயத் குடும்பத்து ஸஆதத்துல்லாஹ் கானின் ஆட்சியில் நாடு ஓரளவு அமைதி கண்டது.

1740-இல் ரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை மலைக்கணவாய் வழியே இறங்கியது. நவாப் தோஸ்த் அலி தாமல்செருவில் உயிர்துறந்தார். மறு ஆண்டு அவருடைய மருமகன் சந்தா சாஹிப் திருச்சிராப்பள்ளியில் பிடிபட்டுச் ஸதாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1742-இல் தோஸ்த் அலியின் மகன் ஸஃப்தர் அலி வேலூரில் தம் உறவினர் முர்தஸா அலியின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். 1743-இல் ஹைதராபாத் நிஜாம் பெரும்படையுடன் வந்து ஒழுங்கு செய்து, தம் அதிகாரியான அன்வருத்தீனை அமர்த்தினார். அவர் நவாயத் குடும்பத்தவர் அல்லர். வட இந்தியாவின் கோபாமாவைச் சேர்ந்தவர். நாட்டின் பழைய குடும்பம் அவரை அயலாராகவே பார்த்தது. இதற்கிடையில் சந்தா சாஹிபின் குடும்பத்தார் எங்கே அடைக்கலம் புகுந்தனர்? புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரரிடம்.

ஐரோப்பாவில் மூண்ட போர் இக்கரைக்கு வந்தது இந்த நிலையில்தான். தம் நாட்டெல்லைக்குள் ஐரோப்பியர் சண்டையிடலாகாது என்று அன்வருத்தீன் ஆங்கிலேயருக்கு ஆணையிட்டார். பிறகு பிரெஞ்சுக்காரருக்கும் அவ்வாறே ஆணையிட்டார். சட்டப்படி அவர் நிலை சரியானது. 1746 செப்டம்பரில் லாபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, கோட்டையைத் தங்களிடமே ஒப்படைப்போம் என்று துய்ப்ளே நவாபுக்குச் சொல்லி அனுப்பினார். ஒப்படைக்கவில்லை. வாக்கை நிறைவேற்றச் செய்யவே மஹ்ஃபூஸ் கான் வந்தார். ஆக, அடையாற்றில் தோற்றது ஒரு படை மட்டுமன்று. வாடகைதாரரை அதட்டி நிறுத்தும் நாட்டுடையவரின் அதிகாரமும் அங்கே தோற்றது.

ஆயினும், ஒரு தோல்வி ஓர் அரசை அழித்துவிடாது. ஆற்றங்கரையில் நடந்ததைக் கண்ட அரசுகள் அதிலிருந்து என்ன பாடம் கற்றன என்பதே விதியை முடிவு செய்தது. அப்படிப்பட்ட காலாட்படையை நாமும் உண்டாக்க வேண்டும் என்பது ஒரு பாடம். அப்படையை வாடகைக்கு அமர்த்தி அண்டை வீட்டுக்காரனை வெல்லலாம் என்பது மற்றொரு பாடம். முதற்பாடத்தை ஊன்றிக் கற்றவர்கள் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும். மற்றவர்கள் இரண்டாவதையே விரும்பினர்.

1748-இல் முதல் நிஜாம் மறைந்ததும் வாரிசுப் போர் மூண்டது. ஸதாராவிலிருந்து மீண்ட சந்தா சாஹிப், நிஜாமின் பேரர் முஸஃப்ஃபர் ஜங்குடனும் பிரெஞ்சுப் படையுடனும் வந்து 1749 ஆகஸ்ட் 3-இல் ஆம்பூரில் அன்வருத்தீனைக் கொன்றார். மஹ்ஃபூஸ் கான் கைதியானார். இளையவர் முஹம்மது அலி திருச்சிக்குத் தப்பி ஆங்கிலேயரைத் துணைக்கழைத்தார். ஐரோப்பிய உடன்படிக்கையின்படி சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், அதே 1749-இல் மயிலாப்பூரையும் சாந்தோமையும் தம் கைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு மானியம் வழங்கியவர் முஹம்மது அலி. தந்தையின் படை சிதறிய மூன்றாம் ஆண்டில், அந்த மண்ணே மகனின் கையால் கைமாறிற்று.

திருச்சி முற்றுகையின்போது முஹம்மது அலி மைசூரின் உதவியையும் நாடினார். பதிலுக்குத் திருச்சியையே தருவதாக வாக்களித்தார். 1752-இல் சந்தா சாஹிப் சரணடைந்து, தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் தலையிழந்தார். அபாயம் நீங்கியதும் வாக்கு மறந்தது. மைசூர்ப் படையுடன் அப்போது திருச்சிக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் ஹைதர் அலி. ஆர்க்காட்டுக்கும் மைசூருக்கும் இடையே அரை நூற்றாண்டு எரிந்த பகைக்கு இதுவே விதை என்பது என் கருத்து.

அப்பகையின் நிழல் சென்னையின் வாசலிலேயே விழுந்தது. 1769 மார்ச்சில் ஹைதர், தம் முதன்மைப் படையைப் பின்னே விட்டுவிட்டு, குதிரை வீரர்களுடன் ஏறத்தாழ 130 மைல் தொலைவை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டை அஞ்சியது. அவரோ நகரைக் கொள்ளையிடாமல் உடன்படிக்கை கேட்டார்; ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தனர், கும்பெனி உதவவில்லை. 1780-இல் ஹைதர் மீண்டும் இறங்கிப் பொள்ளிலூரில் பெயிலியின் படையை அழித்ததற்கு அந்த ஏமாற்றம் ஒரு காரணம்.

இவ்வளவிலும் முஹம்மது அலி எங்கே இருந்தார்? ஆர்க்காட்டைவிட்டுக் கோட்டையின் அருகே, 1768-இல் கட்டிய சேப்பாக்கம் மாளிகையில். நிஜாமின் மேலாண்மையிலிருந்து தம்மை விடுவிக்கும் ஃபர்மானை 1765-இல் மொகலாயப் பேரரசர் ஷாஹ் ஆலமிடமிருந்து பெற்றிருந்தார். 'வாலாஜா' என்னும் பட்டமும் கிடைத்தது. ஏட்டில் யாருக்கும் கட்டுப்படாத அரசர். நடைமுறையில் கும்பெனிப் படைச் செலவுக்காக அதன் அலுவலர்களிடமே வட்டிக்கு வாங்கிய கடனாளி. அக்கடனை அடைக்க அண்டை நாட்டுச் செல்வம் தேவைப்பட்டது. 1773-இல் கும்பெனிப் படையைக் கொண்டு தஞ்சையைப் பிடித்தார். 1776-இல் ஆளுநர் பிகட் அதனைத் தஞ்சை அரசரிடம் திருப்பிக் கொடுத்தார்; நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் பகைக்கு ஆளான அவர் தம் ஆலோசனைக் குழுவினராலேயே சிறைவைக்கப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 'ஆர்க்காட்டு நவாபின் கடன்' 1785-இல் இலண்டன் பாராளுமன்றத்தில் பர்க் பேசிய புகழ்பெற்ற உரைக்குப் பொருளாயிற்று.

இங்கே நம் உள்ளம் தயங்குகிறது; அதை மறைப்பதில் பயனில்லை. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுபவர்கள் நாம். லக்னோவின் ஃபிரங்கி மஹல்லைச் சேர்ந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களை அழைத்து வந்து போற்றியவர் இந்த வாலாஜாதான். அவர் 1810-இல் மறைந்து அப்பள்ளி வளாகத்திலேயே அடங்கியுள்ளார். அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் நிஜாமிய்யாப் பாடத்திட்டம் அப்பெரியாரின் தந்தை முல்லா நிஜாமுத்தீனின் பெயரால் வழங்குவது. அவ்வகையில் என்னைப் போன்ற ஆசிரியர்கள் வாலாஜாவுக்குக் கடன்பட்டவர்கள். திப்பு சுல்தானின் பெயரைக் கேட்டாலும் நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இவ்விருவரும் எதிரெதிர் அணியினர்! ஒருவரைத் தீனின் காவலர் என்றும் மற்றவரைத் துரோகி என்றும் எழுதிவிட்டுப் போவது எளிது. அல்லது இருவரையும் புகழ்ந்து, அவர்களுக்கிடையே பகை இல்லாதது போல் நடிப்பது இன்னும் எளிது. நம் மேடைகளில் நடப்பது இந்த இரண்டாவதே.

இது தொடர்பாக மர்ஹூம் டாக்டர் முஹம்மது ஹுஸைன் நயினாரை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அப்பெருமகனார், வாலாஜாவின் அவை வரலாறான 'துஸுகே வாலாஜாஹி'யைப் பாரசீகத்திலிருந்தும், மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய 'துஹ்ஃபதுல் முஜாஹிதீ'னை அரபியிலிருந்தும் ஆங்கிலத்தில் தந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் வேறுபாட்டை உணர்வர். முன்னது ஆதரித்த அரசரின் புகழைப் பேசுவது. பின்னது, பறங்கியரால் அல்லலுற்ற கடற்கரை மக்களின் முறையீடாகப் பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அந்தச் சுல்தானும் 1570-71-இல் கோவாவை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் பறங்கியருடன் சமாதானம் செய்துகொண்டவரே. அரசருக்கு அவருடைய கணக்கு. கரையில் வாழ்பவருக்கு அவருடைய துன்பம்.

வாலாஜாவின் கணக்கையும் அவ்வாறே அவர் இருந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹைதராபாத் அவருக்கு எஜமானாக விரும்பியது. மராட்டியர் சௌத் வரி கேட்டனர். மைசூர் திருச்சியைக் கேட்டது. நால்வரில் தொலைவிலிருந்து வந்தவன்தான் ஆபத்துக் குறைந்தவன் என்று அவர் கருதினார். அக்கருத்து பிழையானது. ஆனால் அது அவருக்கு மட்டும் உரிய பிழையன்று. திப்புவுக்கு எதிரான போர்களில் நிஜாமும் மராட்டியரும் கும்பெனியின் பக்கம் நின்றனர். திப்புவும் பிரெஞ்சுக்காரரை நம்பினார். 1798-இல் நெப்போலியன் மிஸ்ரின்மீது படையெடுத்ததும், துருக்கிய சுல்தான் மூன்றாம் ஸலீம் பிரெஞ்சுக்காரரை விட்டு விலகுமாறு திப்புவுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் ஆங்கிலேயர் வழியாகவே மைசூர் சேர்ந்தது. கலீஃபாவின் சொல்லும் யாருடைய தபாலில் வருகிறது என்பதைப் பொறுத்திருந்த காலம் அது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஆர்க்காட்டார் திப்புவுடன் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர் என்று அங்கே கிடைத்த தாள்களைக் காட்டிக் கும்பெனி குற்றம் சாட்டியது. ஐம்பதாண்டு நட்புக்கு இதுவே கைம்மாறு. பகைவன் இருந்தவரையில்தான் நண்பனுக்கு விலை இருந்தது. 1795-இலேயே வாலாஜா மறைந்துவிட்டார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். அம்மாத இறுதியில் செய்த உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கும்பெனிக்குச் சென்றது. அஸீமுத்தவ்லாவுக்கு நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும் நவாப் என்னும் பெயரும் கிடைத்தன. 1855-இல் அப்பெயரும் போயிற்று. சேப்பாக்கம் மாளிகையை அரசு எடுத்துக்கொண்டது. பின்னர் 'அமீரே ஆர்க்காட்' என்னும் பட்டம் பெற்ற குடும்பம் இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்ந்து வருகிறது.

மஹ்ஃபூஸ் கானின் பிற்கால வாழ்வையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அடையாற்றில் தோற்ற அவர், 1750-களின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் பூலித்தேவருடன் கூடித் தம் தம்பி முஹம்மது அலிக்கு எதிராக நின்றார்.

முஹம்மது அலி வாலாஜாவின் உடல் பின்னர்த் திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலீ (ரஹ்) தர்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பட்டது. எந்த ஊருக்காக மைசூருடன் பகை தொடங்கியதோ அதே ஊர். சந்தா சாஹிபின் கப்ரும் அந்தத் தர்கா வளாகத்திலேயே இருக்கிறது. ஸியாரத்துக்கு வருபவர்கள் இருவருக்கும் சேர்த்தே ஃபாத்திஹா ஓதிச் செல்கிறார்கள்.