எழுதும் நேரமும் தோட்டத்து மணியும்

எழுத வேண்டும் என்ற ஆவல் நம்மில் பலருக்கு உண்டு. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், ‘நேரம் கிடைக்கட்டும்’ என்கிறோம். நேரம் கிடைத்தால்தான் எழுத்து வருமா? அல்லது எழுத்துக்கென்று நேரத்தை ஒதுக்கினால் வருமா? இக்கேள்விக்குக் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

1905ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்தார். முன்பு இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவர். நூல் எழுதவேண்டும் என்பது அவர் கனவு. எழுத ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பொருள் வேண்டும். பொருளைத் தோட்டத் தொழிலில் ஈட்டலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கிள்ளான் பக்கத்தில் ஒரு துரையிடம் சில மாதங்கள் தொழில் பழகினார். மலாய் மொழியோடு தமிழும் கற்றார். பின்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் திறந்தார். பத்தாங் பெர்ஜுந்தைதான் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. 1917இல் அதே வட்டாரத்தில், தமிழ் ஒலிக்கும் பெயருடைய தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தையும் உருவாக்கினார்.

பொருள் சேர்ந்தது. நூல் மட்டும் வரவில்லை. தோட்டப் பொறுப்பு, முதல் உலகப்போரில் படைப்பணி என்று ஆண்டுகள் ஓடின. துனீசியாவில் குடியமர்ந்த பிறகே ‘மலேசி’ என்னும் நாவல் உருப்பெற்றது. அது 1930இல் வெளிவந்து, அவ்வாண்டே பிரான்சின் புகழ்பெற்ற கொங்கூர் பரிசைப் பெற்றது. அப்போது ஆசிரியருக்கு வயது 51. மலாயாவில் கால் வைத்து 25 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1938இல் ஒரு கதைத் தொகுதி வந்தது. அவரோ 1973 வரை, 94 வயது வாழ்ந்தார். சிறந்த எழுத்தாளர்தாம், ஆயினும் ஓய்வு வந்தபின் நூல்கள் பெருகிவிடவில்லை.

இனி, அதே தோட்டங்களின் லயத்துப் பக்கம் பார்ப்போம். அங்கே ஓய்வு என்பதே அரிது. வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாகச் சுரக்கும். ஆதலால் இருட்டிலேயே மணி அடிக்கும். பெரட்டில் பெயர் கொடுத்து, மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நண்பகல் கடந்துவிடும். விளக்கு வைத்தபின் கிடைப்பதே சொந்த நேரம்.

அந்தச் சிறுபொழுதில் எழுத்து எப்படிப் பிறந்தது? முதலில் கல்வி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. அடுத்துப் பத்திரிகை. 1924இல் ‘தமிழ் நேசன்’ கோலாலம்பூரிலும், 1935இல் ‘தமிழ் முரசு’ சிங்கப்பூரிலும் தோன்றின. 1950இல் சுபநாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ வழியே ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகையே பள்ளியாயிற்று, சிறுகதை எழுதுவது எப்படி என்பதே பாடமாயிற்று. 1952இல் அந்நாளிதழில் பணியேற்க வந்த கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். 1970களில் நல்ல சிறுகதைக்குத் தங்கப் பவுன் பரிசும் கிடைத்தது.

இவை எவையும் எழுதுவோரின் வேலையைக் குறைக்கவில்லை. ஒருநாளுக்கு ஒரு மணி நேரத்தைக் கூட்டித் தரவுமில்லை. அவை தந்தவை மூன்று: எழுதி முடிக்க ஒரு கெடு, எழுதத்தக்க ஓர் அளவு, படித்துக் குறை நிறை சொல்ல ஒருவர். மலேசியத் தமிழில் நாவலைவிடச் சிறுகதை மிகுதியாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். விளக்கடியில் நாலைந்து இரவுகளில் முடிக்கக்கூடியது சிறுகதை.

இன்று நிலைமை மாறிவிட்டது. ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நம்மை எழுப்பும் மணிதான் இல்லை. அதை நாமே அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் அவசரமும் உண்டு. ஃபோக்கோனியேயின் நாவலில் தமிழ்த் தொழிலாளர் வருகிறார்கள். ஆனால் அது துரையின் பங்களாவிலிருந்து பார்த்த பார்வை. லயத்து வாசலிலிருந்து பார்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுள் எஞ்சியிருப்போர் முதுமையடைந்துவிட்டனர். ‘பிறகு கேட்டு எழுதலாம்’ என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும், கேட்க வேண்டிய ஆளை இழக்கும் ஆண்டாகிவிடக்கூடும்.

வழி என்ன? பால்மரம் வெட்டுவோரிடம் கற்கலாம். அவர்கள் ஒரே நாளில் மரத்தை ஆழமாக வெட்டுவதில்லை. அப்படி வெட்டினால் பட்டைக்கடியில் காயம்பட்டு மரம் கெடும். முன்பு வெட்டிய கோட்டின்மேல் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையும் உண்டு. இடைவெளிக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. முறை தவறாததால்தான் ஒரே மரம் பல்லாண்டுகள் பால் தருகிறது.

நாமும் அவ்வாறே ஒரு வேளையைக் குறிப்போம். ஒரு பக்கத்தை அளவாக வைப்போம். மாதம் ஒருமுறை படித்துச் சொல்ல ஒரு நண்பரைத் தேடுவோம். முதற்பக்கத்துக்குப் பொருள் தேடி வெளியே போகவேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியவரிடம், ‘உங்கள் தோட்டத்தில் காலை மணி எத்தனைக்கு அடிக்கும்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை இன்றிரவே எழுதி வைப்போம்.