எர்த் வயரும் என் அவசரமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தபோது மோட்டார் சைக்கிளில் மின்சாரத்துக்கு இருந்த வேலை மூன்றே: பிளக்கில் பொறி, விளக்கு, ஹாரன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பியது கார்புரேட்டர். கூடுதலாக ஒரு விளக்கு மாட்டினால் மிஞ்சிப்போனால் ஃபியூஸ் போகும். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1980-இல் ஜப்பானின் கவாசாகி இசட் 1000 எச், 1983-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கே 100 ஆகிய வண்டிகளில் அந்த வேலை மின்னணுப் பெட்டியின் கைக்குப் போனது. நம் நாட்டில் 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தது. ஆனாலும் விலை காரணமாகப் பலர் கார்புரேட்டரையே நம்பினார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி அமலானதும் பெரும்பாலான புது வண்டிகளில் இசியு என்ற அந்தக் கணினி வந்துவிட்டது.

இசியுவுக்குக் கண்ணும் காதும் கிடையாது. வோல்டேஜ்தான் அதற்குத் தெரிந்த ஒரே மொழி. சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்பி வரும் அளவைப் படிக்கும். எஞ்சின் சூடு ஏற ஏற அந்தச் சென்சாரின் மின்தடை குறையும், வோல்டேஜும் குறையும். வயர் அறுந்தால் நம்பமுடியாத அளவு வரும். உடனே மஞ்சள் விளக்கை எரியவிடும். ஆனால் நம்பும்படியான சின்னப் பொய்யை அப்படியே நம்பிவிடும்.

இது எனக்குப் புரிந்த விதம்தான் வருத்தமானது. போன வருடம் வெளியே ஒரு கடையில் மலிவாக இரண்டு ஃபாக் லைட் மாட்டினேன். பிறகு மைலேஜ் இறங்கியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. என்னிடம் படித்த பையன் நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு முறை போயும் சரியாகவில்லை. மூன்றாம் முறை நாலு பேர் முன்னால், "காசு பிடுங்கத்தான் இழுத்தடிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து, விளக்கை எரியவிட்டு அளந்தான். சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனசுக்கும் இடையே 0.4 வோல்ட். விளக்கு மாட்டியவர் அதன் கறுப்பு வயரைச் சென்சாரின் எர்த்திலேயே முடிச்சுப் போட்டிருந்தார்! விளக்கின் மின்சாரம் அந்த மெல்லிய வயரில் ஓட, சென்சார் வோல்டேஜ் கூடியது. சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று எண்ணிய இசியு, பெட்ரோலைக் கூட்டி ஊற்றியது.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி வயர் இழுத்தான், எர்த்தையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோனான். சரியாகிவிட்டது.

அடுத்த நாள் அதே கடையில், ஆட்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், வண்டிக்கே தெரியலையே" என்று சிரித்தான்.

வண்டிக்குத் தெரியாமல் போகலாம். முப்பது வருடம் பாடம் நடத்திய நான் விசாரித்துவிட்டுப் பேசியிருக்கவேண்டும்.

புது வண்டியில் எதை மாட்டினாலும் சென்சார் வயரைத் தொடவிடாதீர்கள்.