குளிர்நீரும் வெந்நீரும்: ஒரு சிறு கிறஸ்டேசியாவின் ஆய்வு வரலாறு

வெப்பக் கடலில் வாழும் கிறஸ்டேசியாவும் குளிர்க் கடலில் வாழும் அதன் இனமும் வெப்பந் தாங்குவதில் வேறுபடுகின்றன என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அவ்வேறுபாடு பரம்பரையாக வந்ததா, வாழ்நாளிற் பழகிப் பெற்றதா என்பதே தீராத வினாவாக இருந்தது. மன்றோ பொக்சு 1936 முதல் வெவ்வேறு அகலக்கோடுகளுக்குரிய கடல் விலங்குகளை ஒப்பிட்டு அளந்தார். 1955இல் தியடோர் புல்லொக் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார். ஆயினும், கடலிலிருந்து பிடித்துவந்த விலங்கை அளப்பதால் மட்டும் பரம்பரையின் பங்கைப் பிரித்தறிதல் இயலாது. அது வளர்ந்த நீரின் விளைவும் உடலில் எஞ்சி நிற்குமன்றோ!

தெளிவான விடை பெருங்கடலிலிருந்து வரவில்லை. பாறைக் குட்டைகளிலிருந்தே வந்தது. பாகா கலிபோர்ணியாவிலிருந்து அலாஸ்கா வரையுள்ள பசிபிக் கரையில், அலைத்துளி தெறிக்கும் உயரத்திலமைந்த குட்டைகளில் ரைக்கிரியோப்பசு கலிபோர்ணிக்கசு என்னும் கொபிபொட் வாழ்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே. கோடை வெயிலில் நீர் சூடேறி வற்றுவதும், மழையில் உப்புக் குறைவதும் அதற்குப் பழகிய துன்பங்கள்.

1979இலும் 1981இலும் றொனால்ட் பேட்டனும் உடனாய்வாளரும் இவ்விலங்கின் நொதியங்களை மின்புலத்திற் பிரித்து ஆராய்ந்தனர். மணற்கரை குறுக்கிட்ட அயற்பாறைகளின் குடித்தொகைகளுங்கூடப் பரம்பரையலகுகளில் பெரிதும் வேறுபட்டிருந்தன. கடல் அனைத்தையும் கலந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது பலத்த அடியாயிற்று.

இத்தனிமையின் விலை 2012இல் வெளிப்பட்டது. மோர்கன் கெலி, எரிக் சான்போட், றிச்சட் குரொஸ்பேக் ஆகியோர் பல குடித்தொகைகளை ஆய்வுகூடத்தில் ஒரேவகைச் சூழலில் வளர்த்தபோதும், தென்பகுதியினவே கூடிய வெப்பத்தைத் தாங்கின. வேறுபாடு பரம்பரைக்குரியதே என்பது இதனாற் புலனாயிற்று. ஆனால் வெப்பந் தாங்குதலிற் காணப்பட்ட பரம்பரை மாறலில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே ஒவ்வொரு குடித்தொகைக்குள்ளும் இருந்தது. எஞ்சியது யாவும் குடித்தொகைகளுக்கிடையே கிடந்தது. பத்துத் தலைமுறை கடுமையாகத் தெரிவுசெய்தும், வடபகுதியினவற்றால் தென்பகுதியினவற்றின் தாங்குதிறனை எட்ட முடியவில்லை. நான்கு குடித்தொகைகளில் ஐந்தாந் தலைமுறைக்குப் பின் முன்னேற்றமே இல்லை. தெரிவுசெய்வதற்குரிய மாறல் தீர்ந்துவிட்டாற் கூர்ப்பு எதைக்கொண்டு நடைபெறும்? பரந்த எல்லையில் வாழும் இனம் வெப்பமாற்றத்துக்கு எளிதில் ஈடுகொடுக்கும் என்ற நம்பிக்கை இங்கு ஆட்டங்காண்கிறது.

அதே ஆண்டு சான் டியேகோ, சாந்தா குரூஸ் குடித்தொகைகளை ஒப்பிட்ட பிறிதோர் ஆய்வு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் தெற்கத்தியவற்றில் மிகுதியாகத் தொழிற்படுவதைக் காட்டியது.

அவ்வாறாயின் தெற்கின் பரம்பரையலகுகளை வடக்கே புகுத்தலாகாதா? கலப்பினத்தின் இரண்டாந் தலைமுறையிற் பெரும்பாலானவை நலிவடைகின்றன. ஒரு குடித்தொகையின் இழைமணியும் மற்றொன்றின் கருவிலுள்ள பரம்பரையலகுகளும் ஒத்திசையாமை இதற்கு முக்கிய காரணமாகும். எனினும் 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், கலப்பு வழிவந்த சில மரபுகள் பெற்றோர் இரண்டையும் விஞ்சி வெப்பத்தைத் தாங்கின.